சீஸ் சாஸுக்குக் காட்டமான சீஸ் எது? நாளை மாலைக்குள் தெரியணும்

புதுவரவு: வணக்கம் நண்பர்களே. நாளை மாலை எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். இன்று ஒத்திகையாகச் செய்த சீஸ் சாஸ் மணல் மணலாகத் திரிந்து, மேலே எண்ணெய் மிதக்கிறது. சீஸ் ருசியும் இல்லை. கடையில் ஒரு சுவர் முழுக்க சீஸ்தான், எதை எடுப்பது என்றே தெரியவில்லை. நல்ல காட்டமான சீஸ் ஒன்று சொல்லுங்கள், அவசரம்.

வடகாற்று: செடார் எடுங்க. உறையில் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. சில நாட்டில் ஷார்ப், எக்ஸ்ட்ரா ஷார்ப் என்று இருக்கும். சில இடங்களில் மெச்சூர், எக்ஸ்ட்ரா மெச்சூர், வின்டேஜ். மைல்ட் என்பது சில மாதமே பழுக்கவைத்தது, சாஸில் போட்டால் இருக்கிற இடமே தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் பழுத்ததாக எடுங்க. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. ஆரஞ்சு நிறம் அன்னாட்டோ விதைச் சாயம், அதற்கும் காட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

மழைத்துளி: வடகாற்று சொல்வதைப் பாதிதான் ஏற்பேன். முழுக்க வின்டேஜ் போட்டால் நாளைக்கும் இதே எண்ணெய்தான் மிதக்கும். சீஸ் பழுக்கும்போது நொதிகள் அதிலுள்ள கேசின் புரதத்தைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. காட்டம் பெரும்பாலும் அந்த உடைசலில் இருந்துதான் வருகிறது. ஆனால் உருகும்போது கொழுப்பையும் நீரையும் பிடித்து வைப்பதும் அதே புரதம்தான், உடைந்த பிறகு அதற்குப் பிடிமானம் இல்லை. ஆகவே ருசிக்குப் பழுத்தது, வழவழப்புக்கு இளசு, இரண்டும் வேண்டும். பழுத்த செடார் இரண்டு பங்குக்கு இளம் கௌடாவோ ஃபோன்டினாவோ ஒரு பங்கு.

நிலாமுகில்: சாஸைக் கெட்டியாக்க வழக்கமாகப் போடும் மைதாவே வேண்டாம், அது சீஸ் ருசியை அமுக்கிவிடும். 250 மி.லி. பாலில் சிட்ரிக் அமிலத்தின் உப்பான சோடியம் சிட்ரேட்டை 10 கிராம் கரைத்து, சூடானதும் 250 கிராம் செடாரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடியுங்கள். எவ்வளவு பழுத்த சீஸும் பிரியாது. புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியத்தை சிட்ரேட் இழுத்துக்கொள்வதால் கேசின் கரைந்து கொழுப்பைத் தாங்கும். சிட்ரிக் அமிலத்தை மாற்றி வாங்கிவிடாதீர்கள், பால் திரிந்துவிடும்.

வடகாற்று: நாளை மாலைக்குள் சோடியம் சிட்ரேட்டுக்கு அவங்க எங்கே போவாங்க? ஊருக்குப் புதுசு. பதப்படுத்திய சீஸ் ஸ்லைஸ் ஒன்றிரண்டு போட்டாலே போதும். அதில் இதே வகை உப்புகள் ஏற்கெனவே இருக்கு.

கரைசேர்: புதிதாக வந்தவர்களை இந்த உறைகள் படுத்துகிற பாடு கொஞ்சமா? காட்டத்துக்கு ஒரு கடையில் எண், இன்னொன்றில் சொல். பால் பாட்டில் மூடியின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். லைட் என்று போட்டதை நல்லது என்று எடுத்தால் கொழுப்பு குறைந்த சீஸ், உருகாமல் ரப்பராக நிற்கும்.

நிலாமுகில்: துருவி வரும் பாக்கெட் அதைவிட மோசம். ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், சாஸ் நறநறக்கும். இதை உறையின் முன்பக்கம் யாரும் சொல்வதில்லை.

மழைத்துளி: புலம்பல் நியாயம்தான், ஆனால் கேட்டவருக்கு நேரமில்லை. புதுவரவு, என்ன சீஸ் போட்டீர்கள்? எந்த அடுப்பு? எதற்கு இந்த சாஸ்? சைவம் மட்டும் சாப்பிடுபவர் வருகிறாரா?

புதுவரவு: மன்னிக்கவும், இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கணும். பாக்கெட்டில் துருவிய மைல்ட் செடார், மின் அடுப்பு. பால் கொதிக்கும்போதே சீஸைக் கொட்டினேன். பாஸ்தாவில் ஊற்றி ஓவனில் வைக்க. இருவர் சைவம்.

மழைத்துளி: அப்படியென்றால் பார்மசான், க்ரூயேர் சீஸ்கள் வேண்டாம். அசல் பார்மசானும் சுவிஸ் க்ரூயேரும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற, பாலை உறையவைக்கும் நொதியில்தான் உறைகின்றன. செடாரிலும் இளம் கௌடாவிலும் சைவ ரென்னட், மைக்ரோபியல் ரென்னட் என்று எழுதியதைத் தேடுங்கள். ஊஸ்டர்ஷைர் சாஸ் சேர்க்கச் சொல்வார்கள், பெரும்பாலும் அதில் நெத்திலி மீன் உண்டு.

எட்டுப் பேருக்கு வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், முழுக்கொழுப்புப் பால் 1 லிட்டர், பழுத்த செடார் 300 கிராம், இளம் கௌடா 150 கிராம். சீஸை நீங்களே துருவி, அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். வெண்ணெயில் மைதாவை இரண்டு நிமிடம் வறுங்கள், நிறம் மாறக்கூடாது, பச்சை வாசனை போனால் போதும். பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி விஸ்க்கால் அடித்து ஒரு கொதி வரவிடுங்கள். கொதி வராவிட்டால் மாவு முழுசாகக் கெட்டிப்படாது. கரண்டியின் பின்புறம் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கணும்.

அடுத்ததுதான் உங்களுக்குத் தவறிய இடம். மின் அடுப்பை அணைத்தாலும் தட்டு வெகுநேரம் சுடும். பாத்திரத்தையே வேறிடத்துக்கு மாற்றி, இரண்டு நிமிடம் விட்டு, பிடிப்பிடியாகச் சீஸ் போடுங்கள். ஒரு பிடி கரைந்த பிறகே அடுத்தது. அதன்பின் கொதிக்கவிட்டால் புரதம் சுருங்கிக் கொழுப்பைக் கக்கிவிடும். கடுகுப் பொடி ஒரு தேக்கரண்டி சேருங்கள், சீஸின் காரம் தூக்கலாகத் தெரியும். உப்பு கடைசியில் ருசி பார்த்துத்தான்.

புதுவரவு: மிக்க நன்றி. இன்று கெட்டுப்போன சாஸைக் காப்பாற்ற முடியுமா? நாளைக்குரியதைக் காலையிலேயே செய்து வைக்கலாமா?

வடகாற்று: இன்றையதில் ஒரு சீஸ் ஸ்லைஸும் இரண்டு மேசைக்கரண்டி சூடான பாலும் போட்டுக் கை பிளெண்டரில் அரைங்க. எண்ணெய் சேர்ந்துக்கும். மணல் பதம் முழுசாப் போகாது, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும்.

மழைத்துளி: காலையில் செய்யலாம். ஆடை கட்டாமல் இருக்க, பிளாஸ்டிக் உறைத்தாளை சாஸின் மேலேயே ஒட்டினாற்போல் மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாலையில் சிறு சூட்டில் கால் கப் பால் விட்டுக் கிளறுங்கள். பாஸ்தாவை ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்து, சாஸைச் சற்றுத் தளர்வாக ஊற்றுங்கள். ஓவனில் பாஸ்தா அதை நிறைய இழுத்துக்கொள்ளும்.