நாய் பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம்: காலை வரை பொறுக்கலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டு நாய்க்குப் பத்து மாதம் ஆகிறது. எது கிடைத்தாலும் கடித்துப் பார்க்கும் வயது. சற்று முன் சிறிய ரிமோட் ஒன்றைக் கடித்து உடைத்துவிட்டது. பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்ததில் ஏறக்குறைய எல்லாமே கிடைத்துவிட்டன. உள்ளே இருந்த பட்டன் பேட்டரியை மட்டும் காணவில்லை. கட்டிலையும் அலமாரியையும் நகர்த்தித் தேடியும் அகப்படவில்லை. ரிமோட்டின் உட்புறத்தில் சிஆர்2032 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இது நடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது.

நாய் வழக்கம்போல் ஓடியாடுகிறது. வாந்தி இல்லை, தண்ணீரும் குடித்தது. உப்பைக் கரைத்துப் புகட்டினால் வாந்தியோடு வெளியே வந்துவிடும் என்கிறார் வீட்டில் ஒருவர். மலத்தோடு தானாகப் போய்விடும், காலை வரை பார்ப்போம் என்கிறார் இன்னொருவர். உண்மையில் விழுங்கியதா என்றே தெரியாத நிலையில், இந்த இரவு நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு போவது அவசியமா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

உடனே புறப்படுங்கள். போகும் வழியிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, எக்ஸ்ரே வசதி இப்போது உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அது இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். உப்புக் கரைசல் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அது இரத்தத்தில் சோடியத்தின் அளவை ஆபத்தான நிலைக்கு உயர்த்தி, நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும். அதனாலேயே உயிரிழந்த நாய்கள் உண்டு.

இரண்டாவது பதில்

முன்னவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஏன் இவ்வளவு அவசரம் என்பதை விளக்கினால் வீட்டிலுள்ள மற்றவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் மருந்து கசிந்தால்தான் ஆபத்து என்று பலரும் எண்ணுகிறார்கள். பட்டன் பேட்டரி கொஞ்சமும் உடையாமல் இருந்தாலும் தீங்கு செய்யும். சிஆர்2032 என்பது 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது உணவுக்குழாயின் ஈரமான சுவரில் ஒட்டிக்கொண்டதும் திசுவின் வழியே மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. அதன் எதிர்மின் முனைப் (மைனஸ்) பக்கத்தில் கடுமையான காரம் (அமிலத்துக்கு எதிரான, திசுவை அரிக்கும் வேதிப்பொருள்) உருவாகி, திசுவைக் கரைத்தபடி உள்ளே இறங்குகிறது. இந்தச் சேதம் 15 நிமிடங்களிலேயே தொடங்கிவிடக்கூடும். 2 மணி நேரத்துக்குள் ஆழமான புண்ணாகவும், மேலும் தாமதமானால் உணவுக்குழாயில் ஓட்டையாகவும் மாறலாம். ரிமோட்டை இயக்கும் வலு இல்லாமல் போன பழைய பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். ஆகவே, நாய் இப்போது விளையாடுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எச்சில் ஒழுகுவதும், கழுத்தை நீட்டி அடிக்கடி விழுங்க முயல்வதும், உணவை மறுப்பதும் புண் ஏற்பட்ட பிறகு தெரியும் அடையாளங்கள்.

வாந்தி எடுக்க வைப்பது உப்பால் மட்டுமல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளிட்ட வேறு எதனாலும் கூடாது. இரைப்பை வரை போய்விட்ட பேட்டரி திரும்ப மேலே ஏறும்போது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஓரளவு தப்பித்த நாயை நாமே பெரிய ஆபத்தில் தள்ளியதாகிவிடும். நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூளும் இதற்குப் பயன்படாது. மருத்துவர் பார்க்கும் வரை உணவு எதுவும் கொடுக்காமல் இருங்கள்; மயக்கம் கொடுக்க நேர்ந்தால் வெறும் வயிறாக இருப்பது நல்லது.

மூன்றாவது பதில்

கால்நடை மருத்துவராகப் பணிபுரிபவன் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன். உடைந்த ரிமோட்டையும், அதே வகைப் பேட்டரி வேறொன்று இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே வயிற்றுக்கு மட்டும் போதாது. கழுத்தும் மார்பும் சேர்த்து எடுக்கும்படி கேளுங்கள். நேராக எடுத்த படத்தில் பேட்டரியின் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும். நாணயத்திலிருந்து அதைப் பிரித்தறிவது அப்படித்தான்.

உணவுக்குழாயில் இருந்தால் உடனடியாக எண்டோஸ்கோப்பி (வாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தும் முறை) மூலம் எடுத்தாக வேண்டும். இரைப்பையில் இருந்தால் அதன் அளவு, நாயின் எடை, கடித்த தடயம் ஆகியவற்றைப் பார்த்து, எடுப்பதா அல்லது மீண்டும் எக்ஸ்ரே எடுத்து அது நகர்கிறதா என்று கண்காணிப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். படத்தில் எதுவுமே தெரியாவிட்டால், உலோகம் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் என்பதால் பேட்டரியைப் பற்றி நிம்மதி கொள்ளலாம். விழுங்கப்பட்ட பிளாஸ்டிக் துண்டுகளுக்கு இது பொருந்தாது. அவை பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. உடனே கொண்டு சென்றோம். பேட்டரி இரைப்பையில்தான் இருந்தது. மேற்பரப்பில் பல் பதிந்திருப்பதால் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, எண்டோஸ்கோப்பி செய்து எடுத்துவிட்டார்கள். இரைப்பைச் சுவரில் சிறிய புண் இருப்பதாகவும், உணவுக்குழாய் சிவந்திருப்பதாகவும் கூறி மருந்து கொடுத்திருக்கிறார்கள். இனி எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றாவது பதிலை எழுதியவர்

நேரத்தோடு சென்றதற்கு மகிழ்ச்சி. மென்மையான உணவைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். புண்ணின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் என்ற மருந்தைக் கொடுத்திருந்தால் அதை மற்ற மருந்துகளோடு சேர்க்காமல், அவர்கள் சொன்ன இடைவெளியில் வெறும் வயிற்றில் கொடுங்கள். வாய்க்குள் ஈறு, நாக்கு, அண்ணம் ஆகியவற்றை நாளையும் ஒருமுறை பாருங்கள். காரத்தால் ஏற்படும் புண் 12 மணி நேரம் வரை கழித்தும் வெளிப்படலாம். தார் போன்ற கறுப்பு மலம், இரத்தம் கலந்த வாந்தி, காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மீண்டும் அழைத்துச் செல்லுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது இதற்குப் பின் வரும் வாரங்களைத்தான். சிவந்த உணவுக்குழாய் ஆறும்போது சில நாய்களுக்குத் தழும்பு விழுந்து குழாய் குறுகிவிடும். தண்ணீரும் கஞ்சியும் சிரமமின்றி இறங்கி, கெட்டியான உணவு மட்டும் உண்ட சிறிது நேரத்தில் செரிக்காமல் திரும்பி வருமானால், அதைச் சாதாரண வாந்தி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.