புதுப்பிப்பு: பெண்களின் சிறு ஜெபக்குழு தொடங்கிவிட்டது

பெண்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஜெபிக்க ஆசை, ஆனால் சத்தமாக ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன சகோதரிகளுக்கு நன்றி. குழு இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

கூச்சத்துக்கு உதவியது வேதாகமத்தின் சங்கீதப் புத்தகம்தான். ஒருவர் 121-ஆம் சங்கீதத்தை இரண்டிரண்டு வசனமாக வாசிப்பார். இடையில் விரும்பியவர் ஒரு வரி ஜெபிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். வாய் திறக்கவே மாட்டேன் என்றவர் இப்போது பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். நீளமாக, அழகாக ஜெபிக்கிறவர் முதலில் தொடங்காமல் இருப்பது நல்லது. அப்புறம் மற்றவர்களுக்கு வார்த்தையே வராது!

ஜெபக்குறிப்பு, அதாவது யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வது, ஊர்க்கதையாக மாறிவிடும் என்று ஒருவர் எச்சரித்தது சரிதான். பிறர் வீட்டு விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் சொல்வதில்லை, கேட்டதை வெளியே பேசுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். இதில் மட்டும் நான் கறார்.

"சபை இருக்கும்போது தனியாக எதற்கு?" என்றும் கேட்டிருந்தீர்கள். வேதாகமத்தில், பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் உட்கார்ந்து பேசியது ஆற்றோரம் கூடிவந்த பெண்களிடம்தானே. அவர் பேச்சைக் கேட்டு விசுவாசித்த லீதியாளும் அங்கேதான் இருந்தாள் (அப்போஸ்தலர் 16). போதகரிடம் சொல்லிவிட்டுத்தான் கூடுகிறோம்.

அடுத்து, மார்ச் முதல் வெள்ளிக்கிழமை வரும் உலக ஜெப தினத்துக்கு வேறு சபைப் பெண்களையும் அழைக்க எண்ணம். 1927 முதல் உலக அளவில் பெண்கள் முன்னின்று நடத்தும் நாள் அது. நடத்திய அனுபவம் உள்ளவர்கள், ஆராதனைப் பொறுப்புகளை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.