மறுமொழி: ஃபியூஸ் = உருகி; சரி, ‘ரேட்டிங்’ = ?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கார் வைத்திருப்போருக்கான தமிழ்க் கையேட்டில் ஃபியூஸ் மாற்றும் பகுதியைப் போன வாரம் அனுப்பி, ஃபியூஸுக்கு ‘உருகி’ சரியா, மற்றவற்றுக்கு என்ன சொல் என்று கேட்டிருந்தேன். வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பதினெட்டு ஆண்டுகள் கார் ஒயரிங் வேலை பார்த்தவன் நான். இலக்கணம் முறையாகப் படித்ததில்லை. பட்டறையில் சொல் எப்படிப் புழங்குகிறது, தவறான சொல்லால் என்ன கெடுகிறது என்பதை வைத்துத்தான் பேச முடியும்.

> ‘உருகி’ வினையெச்சமும்கூட. ‘உருகி உருகிவிட்டது’ என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் தடுக்கி விழமாட்டாரா?

பட்டறையில் ஃபியூஸ் ‘உருகிவிட்டது’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘போச்சு’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘அறுந்துபோச்சு’ என்பார்கள். உள்ளே நடப்பதும் அதுதான். மெல்லிய உலோகப் பட்டை சூடேறி உருகி நடுவில் அறுகிறது. ஆகவே ‘உருகி அறுந்தது’ என்று எழுதுவோம். முதற்சொல்லைப் பெயராகப் படித்தாலும் எச்சமாகப் படித்தாலும் கிடைக்கும் செய்தி ஒன்றே. இரண்டு வாசிப்பும் உண்மையாக இருக்கும்போது குழப்பத்துக்கு இடமில்லை.

> வேலையை வைத்துப் பெயரிடுவதே சிறப்பு: ‘மின்காப்பான்’. எடிசனின் 1880 காப்புரிமையே இதைப் ‘பாதுகாப்புக் கடத்தி’ என்றுதான் சொல்கிறது. ஜெர்மன் மொழியிலும் ‘சிகெருங்’, அதாவது காப்பு.

ஐயா, இதற்கு நான் உடன்படவில்லை. ஒயரின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை நாம் ஏற்கெனவே ‘மின்காப்பு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ‘மின்காப்பு கிழிந்ததால் மின்காப்பான் போயிற்று’ என்ற வரியை ஓர் ஓட்டுநரிடம் கொடுத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ‘காப்பான்’ என்றதும், எதைக் காப்பான் என்ற கேள்வி எழும். கேட்டவர்களில் பெரும்பாலோர் ‘ரேடியோவை’, ‘ஹெட்லைட்டை’ என்றுதான் சொன்னார்கள். காரில் ஃபியூஸ் முதலில் காப்பது ஒயரை. எந்தப் பருமன் ஒயருக்கு எவ்வளவு மின்னோட்டம் தகும் என்று கணக்கிட்டு அதற்கேற்ற ஃபியூஸைத் தொழிற்சாலையில் வைக்கிறார்கள். இது மனதில் பதியாதவர்தான், ‘என் ரேடியோ நன்றாகத்தானே இருக்கிறது, பெரிய ஃபியூஸ் போட்டால் என்ன?’ என்று துணிகிறார்.

எங்களிடம் ஒரு கார் வந்தது. பாட்டுப் பெட்டிக்குக் கம்பெனி போட்டிருந்த ஒயரிலிருந்தே வெளியில் யாரோ ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு இணைப்பு எடுத்திருந்தார்கள். ஒலியைக் கூட்டும்போதெல்லாம் 10 ஆம்பியர் ஃபியூஸ் போகும். மூன்றாவது முறை போனதும், பெட்டியில் உபரியாக இருந்த 30-ஐச் செருகிவிட்டார்கள். அதன் பிறகு ஃபியூஸ் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பிரித்துப் பார்த்தால், அந்த ஒயர் தான் வெந்ததோடு நிற்காமல், ஒரே கட்டில் ஓடிய பக்கத்து ஒயர்களின் தோலையும் உருக்கி எல்லாவற்றையும் ஒட்டவைத்திருந்தது. மின்னோட்டம் மூன்று மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு ஒன்பது மடங்காகும். வெளியில் அந்த 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ் புதிதுபோல் இருந்தது.

பச்சை என்றதும் நினைவு வருகிறது. தகட்டு (பிளேடு) ஃபியூஸ்களின் நிறங்களை ஆம்பியர் வாரியாகக் கையேட்டில் கொடுத்திருக்கிறேன்: 5 வெளிர்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. சாலையில் சிவப்பு ஆபத்து, பச்சை பத்திரம். இங்கே சிவப்பு சிறியது, பச்சை பெரியது. ‘பச்சைதானே நல்லது’ என்று என்னிடம் நேராகவே சொன்னவர்கள் உண்டு.

அதனால் இந்தக் கையேட்டுக்கு உயிரான சொல் ‘ஃபியூஸ்’ அன்று, அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணின் பெயர். ‘ரேட்டிங்’ என்பதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மதிப்பீடு, திறன், தாங்குதிறன், உருகளவு. ‘மதிப்பீடு’ என்றால் யாரோ மதிப்பெண் போட்டதுபோல் இருக்கிறது. ‘திறன்’ ஏற்கெனவே வாட் கணக்குக்குப் போய்விட்டது. ‘தாங்குதிறன்’ கேட்க அழகாக இருந்தாலும் எனக்கு அதுதான் அதிக அச்சம் தருகிறது. தமிழில் அதிகம் தாங்குவது எப்போதும் உயர்வு. பத்தைத் தாங்குவதைவிட முப்பதைத் தாங்குவது மேல் என்றுதான் காது கேட்கும், கை அதையே தேடும். எண் கூடினால் தரம் கூடுகிறது என்ற எண்ணத்தைச் சொல்லே ஊட்டிவிடக் கூடாது.

என் பரிந்துரை: வரம்பு. ‘10 ஆம்பியர் வரம்பு’. வரம்பை மீறுவது நல்லதன்று என்பது சொல்லிக்கொடுக்காமலே தெரியும். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
சேலம்

---

சேலத்து அண்ணாவுக்கு வணக்கம்.

எங்கள் பாடப்புத்தகங்களில் ‘உருகி’ நெடுங்காலமாக இருக்கிறது. எந்தப் பிள்ளையும் அதை வினையெச்சமாக எடுத்துக் குழம்பி நான் காணவில்லை. வீட்டில் ‘பியூஸ் போயிட்டுது’ என்று கதைக்கிற பிள்ளைதான் பரீட்சையில் ‘உருகி’ என்று எழுதுகிறது.

‘வரம்பு’ எனக்கு உடனே பிடித்துப்போனது. நீங்கள் வரப்பு என்பதை நாங்கள் வரம்பு என்றுதான் சொல்லுவோம். வயல் வரம்பு. இன்னவளவு தண்ணீர் நிற்கலாம் என்று கட்டிவைப்பது. ‘10 அம்பியர் வரம்பு’ என்றால் எங்கட ஊர்ப் பிள்ளைக்குப் படம் வரைந்தமாதிரி விளங்கும்.

யாழ்ப்பாணம்

---

நண்பர்களே,

மின்காப்பானைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எதைக் காப்பான் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வரம்பு பற்றி ஓர் ஐயம். சொல் துல்லியமாக இருக்க வேண்டாமா? தகட்டு உருகிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8820 என்ற பன்னாட்டுத் தரப்படி, குறித்த அளவில் 110 விழுக்காடு ஓடினால் உருகி குறைந்தது 100 மணி நேரம் அறாமல் இருக்க வேண்டும். 135 விழுக்காட்டில் முக்கால் நொடிக்கு மேல், 600 நொடிக்குள் அற வேண்டும். இரட்டிப்பானால் 5 நொடிக்குள் அறுந்தாக வேண்டும். ஆக, 10 என்று எழுதிய உருகியில் 11 ஆம்பியர் நாள்கணக்கில் ஓடும். மீறியும் ஒன்றும் நடக்காத இடத்தை வரம்பு என்று எப்படிச் சொல்வது? இதே காரணத்தால் நான் சொன்ன ‘உருகளவு’ம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்ணில் அது உருகுவதே இல்லை.

திருச்சிராப்பள்ளி

---

ஐயா,

இந்தக் கணக்கைக் கொடுத்ததற்கு நன்றி. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் விளங்காமல் இருந்த ஒன்று உங்கள் எண்களால் விளங்கியது.

இரண்டு ஹெட்லைட்டும் ஒரே 15 ஆம்பியர் உருகியில் ஓடும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி பல்பு 60 வாட். இரண்டுக்கும் 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்புகளை மாட்டினால் 200 வாட், ஏறக்குறைய 16.7 ஆம்பியர். அது 15-இல் 111 விழுக்காடு. மாட்டியவுடன் நன்றாக எரியும். வண்டிக்காரர் மகிழ்ச்சியாகப் போவார். எப்போதோ ஒருநாள் இரவு, நெடுஞ்சாலையில், இரண்டும் சேர்ந்து அணையும். ‘மாட்டும்போது நல்லாத்தானே எரிஞ்சுது’ என்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது உருகியின் மேல் பழி போட்டேன்.

யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன வயலை வைத்தே உங்கள் ஐயத்துக்குப் பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது. வரப்பின் தலைக்கு மேல் அரை விரல் நீர் ஏறியதும் அது உடைந்துவிடுவதில்லை. ஊறும், இளகும், நேரம் எடுக்கும். வெள்ளமாக வந்தால் நின்று யோசிக்காது. உங்கள் 110, 135, 200 மூன்றும் அதே நடத்தைதான். ஆகவே வரம்பு என்பது ‘இதுவரை ஓடலாம்’ என்ற எல்லை. ‘இங்கே உடையும்’ என்ற புள்ளி அன்று. கையேட்டில் இதை ஒரே வரியில் விளக்கிவிடுகிறேன்: ‘வரம்புக்குச் சற்று மேலே ஓடினால் உருகி உடனே அறாது, அதனால் அறவில்லை என்பது பத்திரம் என்பதற்குச் சான்றாகாது.’

மற்ற சொற்களில் நீட்ட வேண்டாம். பிளேடு ஃபியூஸ் தகட்டு உருகி. ஃபியூஸ் பாக்ஸ் உருகிப்பெட்டி. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ரிலேயாகவே இருக்கட்டும். ஷார்ட் குறுக்குச்சுற்று. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். நாளிதழ்கள் எல்லாத் தீ விபத்துக்கும் ‘மின்கசிவு’ என்று எழுதுகின்றன. கசிவு என்பது சொட்டுச் சொட்டாக ஒழுகுவது. குறுக்குச்சுற்றோ, மடை உடைத்துக்கொண்டு ஓடுவது. தோல் கிழிந்த ஒயர் வண்டியின் இரும்பில் பட்டதும் மின்னோட்டம் விளக்குக்குப் போகாமல் குறுக்கே பாய்ந்து பேட்டரிக்கே திரும்புகிறது. கசிவு என்று படித்தவர் அதன் வேகத்தை எப்படி உணர்வார்?

திருத்திய பகுதி கீழே:

‘வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள், விளக்குச் சுவிட்சுகளை அணையுங்கள். உருகிப்பெட்டி பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில், மற்றொன்று பானெட்டுக்குள் பேட்டரி அருகே. எந்த உருகி எதற்கு என்ற படம் மூடியின் உட்புறத்திலோ வண்டியுடன் வந்த புத்தகத்திலோ இருக்கும். பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு பிளாஸ்டிக் இடுக்கி இருந்தால் அதைக் கொண்டு நேராக இழுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்ப வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து நடுப்பட்டையைப் பாருங்கள். அறுந்திருந்தால் அதே வடிவம், அதே நிறம், அதே எண். அந்த வரம்பில் உருகி இல்லையென்றால் அதைவிடப் பெரியதைப் போடாதீர்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளும் ஒயர் இழையும் உருகி அல்ல. அவற்றுக்கு வரம்பே இல்லை. புதியதும் உடனே அறுந்தால் மூன்றாவதைப் போடாமல் காரணத்தைத் தேடுங்கள். சார்ஜர் துளைக்குள் விழுந்த காசு, எலி கடித்த ஒயர், இலைதழை சிக்கி நகராத வைப்பர். போல்ட் வைத்து முடுக்கிய பெரிய உருகிகளையும், காற்றுப்பை என்று குறித்தவற்றையும் தொடாதீர்கள். மின்கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.’

குறுக்குச்சுற்றைத் தேட நாங்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. உருகி இருந்த இடத்தில் இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரோடு மாட்டுவோம். கோளாறு இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 2 ஆம்பியருக்கு மேல் அது விடாததால் ஒயருக்குச் சேதம் இல்லை. ஒயர்க்கட்டை இடம் இடமாக அசைத்துக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் தோல் கிழிந்திருக்கும். கையேட்டில் இதற்கு இடமில்லை. பயிற்சி மாணவர்களுக்கான பகுதியில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். பட்டறையில் ‘டெஸ்ட் லேம்ப்’ என்போம். ‘சோதனை விளக்கு’ போதுமா?

இன்னும் ஒன்று மீதி. ஹாரன் போன்றவற்றுக்குத் தகட்டு உருகி. ரேடியேட்டர் விசிறி மோட்டார் போன்றவற்றுக்கோ, இயங்கத் தொடங்கும் நொடியில் மட்டும் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் கட்டை வடிவ உருகி. அதை ‘ஸ்லோ’ என்றே கேட்டு வாங்குகிறோம். ‘மந்த உருகி’ என்றால் பழுதானது போல் இருக்கிறது. ‘பொறுப்பு உருகி’ என்றால் வேறு பொருள் வந்துவிடுகிறது. ‘பொறுமை உருகி’ என்று என் மகள் சொன்னாள். எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
சேலம்