ஏர்கன் உதிரிபாகம்: ஒரு சீல் கேட்டால் பாதித் துப்பாக்கியை வாங்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

அரைகுறை மெக்கானிக் கேட்கிறார்:

என்னிடம் குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ஏர்கன் ஒன்று இருக்கிறது, 4.5 மி.மீ. பெல்லட். ஆறு வருடமாகக் காகித இலக்கைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. இரண்டு மாதமாக வேகம் படுத்துவிட்டது. பத்து மீட்டரில் அட்டையைச் சுத்தமாகத் துளைத்த பெல்லட் இப்போது அரைகுறையாகக் கிழித்துவிட்டு விழுகிறது. சுடும்போது ‘ணங்’ என்று ஓர் அதிர்வு வேறு.

ஸ்பிரிங்தான் போய்விட்டது என்று நினைத்து விற்பனையாளரிடம் கேட்டேன். ஸ்பிரிங், பிஸ்டன், காற்று கசியாமல் அடைக்கும் சீல், உள்ளே போகும் வழிகாட்டிக் கம்பி எல்லாம் சேர்ந்து ஒரே கிட்டாகத்தான் வருமாம். விலை, புதுத் துப்பாக்கியில் ஏறக்குறைய பாதி! சீல் மட்டும் தனியாகக் கேட்டால், “அதற்குப் பார்ட் நம்பரே கிடையாது சார்” என்கிறார்.

பிரஷர் வாஷரிலும் இதே கதை. பம்பின் அடியில் எண்ணெய் கசிகிறது. தேய்ந்திருப்பது மோதிரம் அளவுள்ள ஒரு ரப்பர் வளையம். வாங்கச் சொல்வது முழு பம்ப் தலை. கிட்டை வாங்கித் தொலைப்பதா, ஸ்பிரிங்கை வெளியே சுற்றித் தரச் சொல்வதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேத்:

தம்பி, பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை. குழலும் உடலும் பொருந்தும் இடத்தின் மேல் ஒரு கீற்று டிஷ்யூ காகிதத்தை வையுங்கள். பெல்லட் போட்டு, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுடுங்கள். பெல்லட் இல்லாமல் மட்டும் சுடாதீர்கள். முன்னால் காற்று மெத்தை இல்லாவிட்டால் பிஸ்டன் நேரே சிலிண்டர் முனையில் போய் முட்டும். நன்றாக இருக்கும் சீலும் அன்றே நாசம். காகிதம் துள்ளினால், கசிவு குழலின் பின்முனையில் இருக்கும் சின்ன வளையத்தில். அதற்குக் கிட் வேண்டாம், துப்பாக்கியை முழுதாகப் பிரிக்கவும் வேண்டாம்.

ஸ்பிரிங் சுற்றுபவரிடம் போவதானால் கம்பியின் தடிமன், வெளிவிட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, தளர்ந்த நிலையில் நீளம் நான்கையும் கொடுக்க வேண்டும். இரு முனைகளும் தட்டையாக அரைக்கப்பட்டிருக்க வேண்டும். ‘கொஞ்சம் பலமாகவே சுற்றுங்கள்’ என்ற ஆசை வேண்டாம். உதைப்பு கூடும், குறி சிதறும், சட்டச் சிக்கலும் வரலாம். ஜெர்மனியில் உரிமமில்லாமல் வைத்திருக்க, பெல்லட்டின் ஆற்றலுக்கு 7.5 ஜூல்தான் வரம்பு. இங்கிலாந்தில் ஏர் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு. உங்கள் இடத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுண்டர்க்காரன்:

பல வருடம் உதிரிபாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். திட்டு வாங்கியே பழகியவன் என்பதால் உள்விவகாரத்தைச் சொல்கிறேன். அந்த வளையத்தில் இருக்கும் ரப்பருக்கு விலையே இல்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு பேர் கேட்கும் ஒரு சாமானுக்கும் ஓர் எண், ஒரு பை, ஒரு லேபிள், அலமாரியில் ஓர் அறை, தேடி எடுக்க ஓர் ஆள் வேண்டும். பத்து எண்களைச் சுருக்கி ஒரே கிட் ஆக்கினால் நிறுவனத்துக்கு நிம்மதி. செலவு வாங்குபவர் தலையில். புது இயந்திரமோ ஆயிரக்கணக்கில் ஒரே வரிசையில் தயாராகிறது. அதனால்தான் ஓர் இயந்திரத்தைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் அதன் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்கட்டும் என்று வேண்டுமென்றே விலை வைப்பதும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று. பேரிங், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம், சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல் போன்றவற்றை இயந்திர நிறுவனங்கள் பெரும்பாலும் தாமே செய்வதில்லை. வெளியில் வாங்கித் தங்கள் பையில் போடுகின்றன. கை டிரில்லில் இருந்து கழற்றிய பேரிங்கில் 608 என்று இருந்தால், எந்த நிறுவனம் செய்திருந்தாலும் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ.தான். பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. அந்த எண்ணைப் பேரிங் கடையில் சொல்லுங்கள். டிரில்லின் பெயரை வாயே திறக்காதீர்கள்.

கோபக்காரன்:

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பழுது பார்ப்பதைக் கைவிட வைக்காத நியாயமான விலையில் உதிரிபாகம் தர வேண்டும் என்கிறது. பட்டியலில் வாஷிங் மெஷின் இருக்கிறது, போன் இருக்கிறது, வெல்டிங் கருவிகூட இருக்கிறது. ஏர்கன் இல்லை. நமக்கு வாய்த்தது அவ்வளவுதான்!

இருநூறு பார்:

இதைப் படித்துவிட்டு யாராவது காற்று நிரப்பும் பிசிபி துப்பாக்கியில் கை வைத்துவிடப் போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது. அங்கே 200 பார், சிலவற்றில் 300 பார் அழுத்தம். காற்றை முழுதாக வெளியேற்றாமல் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. ஓ-ரிங்கை அளவு பார்த்து வெளியில் வாங்கலாம். வால்வு, காற்றுக் குடுவை, அதிக அழுத்தத்தில் கிழிந்து காப்பாற்றும் தகடு, டிரிகர் கொக்கி இவற்றுக்கு மட்டும் நிறுவனம் கேட்கும் விலையைக் கொடுத்துவிடுங்கள். பேரம் பேசும் இடம் அது அல்ல. சாதாரண எண்ணெயோ கிரீஸோ உள்ளே போனால் அழுத்தக் காற்றில் தீப்பற்றலாம். சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியும் சாது அல்ல. அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல், ஸ்பிரிங்கைத் தடுத்து நிற்கும் பின்முனைக் கட்டையைக் கழற்றினால் ஸ்பிரிங் முகத்துக்கு வரும்.

அரைகுறை மெக்கானிக்:

காகிதம் துள்ளவில்லை ஐயா, பறந்தே போய்விட்டது! ஊசியால் வளையத்தை நெம்பினேன். ஒரு பக்கம் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தது. அதை அளந்தால் தடிமன் 2.2 வருகிறது. அதையே வாங்கிவிடவா?

பழைய லேத்:

கூடாது. நசுங்கிய வளையம் பொய் சொல்லும். வளையம் உட்காரும் பள்ளத்தை அளந்து சொல்லுங்கள்.

அரைகுறை மெக்கானிக்:

வெர்னியரில் பள்ளத்தின் வெளிவிட்டம் 14.5, ஆழம் 2.3.

பழைய லேத்:

அப்படியானால் உள்விட்டம் 9.19, தடிமன் 2.62 உள்ள ஓ-ரிங் கேளுங்கள். ஓ-ரிங் அளவுகளுக்கான ஏஎஸ்568 தர வரிசையில் 110-ஆம் எண். நைட்ரைல் ரப்பர், கடினம் 90 கிடைத்தால் நல்லது. 70 போட்டாலும் ஓடும், சீக்கிரம் தேயும். விளிம்புக்கு மேல் மயிரிழை அளவு துருத்தி நிற்க வேண்டும். தாழ்ந்து போனால் அடியில் மெல்லிய வாஷர் ஒன்று வையுங்கள்.

அரைகுறை மெக்கானிக்:

போட்டாயிற்று. காகிதம் அசையவில்லை, பெல்லட் பழையபடி அட்டையைத் துளைக்கிறது. கடைக்காரர் ஒரு வளையத்துக்குக் காசு வாங்கக் கூச்சப்பட்டு, பத்தாகக் கட்டிக் கொடுத்தார். ‘ணங்’ மட்டும் போகவில்லை. அது கிரீஸ் வறண்ட ஸ்பிரிங்கின் அதிர்வு என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். அழுத்தும் கருவி இரவல் கிடைக்கும்வரை காதைப் பொத்திக்கொள்கிறேன்.

அந்தத் தெம்பில் பிரஷர் வாஷரையும் பிரித்துவிட்டேன். கசிந்த வளையத்தின் முகத்தைத் துடைத்தால் 12 22 7 என்று பொடி எழுத்து. தயாரிப்பு எண்ணாக இருக்குமோ?

கவுண்டர்க்காரன்:

அது ஆயில் சீல். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். நீங்கள் கேட்க வேண்டிய அளவை முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பம்ப் தலைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டீர்களா?

அரைகுறை மெக்கானிக்:

நேற்றுத்தான் கொடுத்தேன். ரத்து செய்ய இப்போதே போன் செய்கிறேன்.