முட்டையை ஃபிரிட்ஜில் வைக்கணுமா, வெளியிலயா?

பாளையங்கோட்டை மருமகள்:
வாரம் ஒரு அட்டை, 30 முட்டை வாங்குதோம். மாமியார் வெளியில கூடையிலேயே இருக்கட்டும்னு சொல்லுதாங்க. போன சித்திரையில அப்படி வச்சு, ஆம்லெட்டுக்கு உடைச்சதுல ஒண்ணு நாறிப்போய், கிண்ணத்துல கெடந்த மத்த நாலையும் சேர்த்துக் கொட்டினேன். பிள்ளைக்கு 3 வயசு, பயமா இருக்கு.

அம்பை அண்ணாச்சி:
தங்கச்சி, 11 வருசமா முட்டை யாவாரம் பாக்கேன், நாமக்கல் லோடு. நம்ம வெயிலுக்கு ஃபிரிட்ஜ்தான் சரி. ஓட்டு மேல மெல்லிசா ஒரு இயற்கைப் பூச்சு இருக்கு, கிருமி உள்ள போகாம தடுக்கிறது அதுதான். கழுவி வச்சா அது போயிரும். அமெரிக்காவுல கழுவி விக்கதாலதான் அங்க குளிர்ல வைக்கணும்னு சட்டம். ஐரோப்பாவுல பெரும்பாலும் கழுவ மாட்டாங்க, கடையில வெளியிலயே இருக்கும். ஆனா அந்தக் குளிரு பாளையங்கோட்டைக்கு ஏது? சால்மோனெல்லான்னு வயித்தைக் கெடுக்குற கிருமி 4 டிகிரியில பெருகாது, 35ல மளமளன்னு பெருகும்.

கதவுல உள்ள குழியில வைக்காதீங்க, திறந்து மூடயில சூடேறும். உள்தட்டுல, கூர்முனை கீழ பாக்க வைங்க. உள்ள வச்சதை வெளிய எடுத்துப் போட்டா வேர்த்து ஓடு நனையும், அது ஆகாது.

செங்கோட்டைக்காரி:
நாங்க அடைக்கு வைக்கிற முட்டையை மட்டும் வெளிய வைப்போம். திங்கிறது எல்லாம் உள்ளதான்.

பாளையங்கோட்டை மருமகள்:
அண்ணாச்சி, தண்ணியில போட்டுப் பாத்தா தெரியுமா?

அம்பை அண்ணாச்சி:
மிதந்தா பழசுன்னு தெரியும், கிருமி இருக்கான்னு தெரியாது. தனிக்கிண்ணத்துல ஒண்ணொண்ணா உடைங்க. பிள்ளைக்கு மஞ்சக்கரு கெட்டியாகுற வரைக்கும் வேக வச்சுக் குடுங்க.