தீபாவளிக்கு டம்ப் சரேட்ஸ்: எந்த இந்திப் படங்களைச் சீட்டில் எழுதலாம்?

நொய்டா_மருமகள்:
தீபாவளி சாயங்காலம் லட்சுமி பூஜை முடிந்ததும் வீட்டில் டம்ப் சரேட்ஸ் (பேசாம சைகையாலேயே படப் பேரைக் காட்டி, அணியைக் கண்டுபிடிக்க வைக்கிற ஆட்டம்) வைக்கிறோம். மொத்தம் 16 பேர், வயது 8 முதல் 76 வரை. மாமியார் வீட்டுப் பக்கம் 10 பேர், எல்லாரும் லக்னோக்காரங்க. திருச்சியிலிருந்து என் பக்கம் 6 பேர். அவங்களுக்கு இந்திப் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. ஹோலிக்கு ஆடினப்போ பாதிப் படங்கள் அஞ்சே விநாடியில் முடிஞ்சது, மீதி நேரம் தீர்ற வரை அசையவே இல்லை. படத்தை எதிரணிதான் காதில் சொன்னாங்க. ‘டாப் 100’ மாதிரி பட்டியலிலிருந்துதான் எடுத்தோம். இந்தத் தடவை உருப்படியா ஒரு 40 படம் சொல்லுங்களேன்.

சீட்டுக்குலுக்கி:
40 வேண்டாம். ஒரு ஆளுக்கு 2 நிமிஷம் நடிப்பு, ஆள் மாறி சீட்டு எடுக்க ஒரு நிமிஷம்னு வெச்சா 16 பேருக்கு 48 நிமிஷம். ஒரு சுற்றுக்கு மேல் போனா பெரியவங்க எழுந்து போயிடுவாங்க, பசங்க பட்டாசுக்கு ஓடிடுவாங்க. 16 படம், உபரியா 8. ஆக 24 சீட்டு போதும்.

கோளாறு பட்டியலில்தான் இருக்கு. புகழ்பெற்ற படங்கள் சொல் எண்ணிக்கையிலேயே மாட்டிக்கும். தலைப்பில் நாலு சொல்னு நாலு விரல் காட்டின உடனே ஒருத்தர் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ம்பார், இன்னொருத்தர் ‘ஹம் ஆப்கே ஹை(ங்) கோன்’ம்பார். நடிப்புக்கே வேலை இல்லை. இன்னொரு பக்கம் ‘லம்ஹே’, ‘சில்சிலா’, ‘ஃபனா’ மாதிரி ஒற்றைச் சொல் தலைப்புகள். கணம், தொடர்ச்சி, அழிவு. இதையெல்லாம் கையால் எப்படிக் காட்டறது? கதையை நடிச்சுக் காட்டலாம், ஆனா அந்தப் படத்தைப் பார்க்காத அணிக்கு அது பிரயோஜனமில்லை.

அதனால படம் நல்லதா, ஓடினதான்னு பார்க்காதீங்க. தலைப்பில் கையால் காட்டக்கூடிய பொருளோ செயலோ குறைஞ்சது ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க. அந்த ஒரு சொல் கிடைச்சாலே மத்தது தானா வந்துடும்.

ரெட்ரோராணி:
பெரியவங்களுக்கு அசராம எழுதக்கூடியது:

தோ ஆங்க்கே(ன்) பாரஹ் ஹாத் (1957). ரெண்டு விரல், கண், பத்தும் ரெண்டும், கை. நாலு சொல்லையும் நாலு சைகையில் முடிக்கலாம், உட்கார்ந்தபடியே நடிக்கலாம். 76 வயசுக்காரருக்கு இதைத்தான் கொடுப்பேன்.
சல்தி கா நாம் காடி (1958). நாலாவது சொல்லிலிருந்து ஆரம்பிக்கணும். ஸ்டியரிங் பிடிச்சாப் போதும்.
கட்டி பதங்க். பட்டம் விடற கை, டீல் (நூலைத் தளர்த்தி விடறது), அறுந்து போறதைப் பார்க்கிற முகம். லக்னோக்காரங்களுக்குப் பட்டம் சொல்லித் தர வேண்டியதே இல்லை.
கட்டா மீட்டா (1978). புளிப்பு முகம், இனிப்பு முகம். சின்னப் பசங்களும் நடிக்கலாம்.
காகஸ் கே பூல் (1959). பேப்பர் மடிச்சு, பூ மோந்து பார்க்கணும்.
ஹாத்தி மேரே சாத்தி (1971). தும்பிக்கை காட்டின உடனே முடிஞ்சிடும். தயாரிச்சது சாண்டோ சின்னப்பா தேவர். இதைத்தான் அடுத்த வருஷம் எம்.ஜி.ஆரை வெச்சு ‘நல்ல நேரம்’னு எடுத்தாங்க. திருச்சிப் பக்கமும் விட மாட்டாங்க.

‘படோசன்’ (1968) எழுதலாம். ஆனா நடிக்கிறவர் தலைப்பை விட்டுட்டு மெஹ்மூத் செஞ்ச தமிழ்ப் பாட்டு வாத்தியார் வேஷத்துக்குப் போயிடுவார். சம்பந்திங்க முன்னாடி அது தேவையான்னு யோசிச்சுக்கோங்க.

மாட்டுங்கா_மணி:
ரெட்ரோராணி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க: இரட்டைகளை ஒரே பெட்டியில் போடாதீங்க. ‘தீஸ்ரி மன்ஸில்’, ‘தீஸ்ரி கஸம்’ ரெண்டுமே 1966. மூணாவதுன்னு காட்டின உடனே ரெண்டு பேரையும் மாத்தி மாத்திக் கத்துவாங்க. ஒண்ணு மாடி, ஒண்ணு சத்தியம். மாடியை வைங்க, படியேறிக் காட்டலாம். ‘நமக் ஹராம்’, ‘நமக் ஹலால்’ அதே கதை. உப்பு வரைக்கும் வந்துடும், அப்புறம் நன்றி கெட்டவனா விசுவாசியாங்கிறதுக்கு சைகை கிடையாது. ரெண்டையும் தள்ளுங்க.

‘கபி’ வரிசை தனி ரகம். ஒண்ணாவது சொல்லும் மூணாவதும் ஒண்ணுதான்னு காட்டினா எல்லாரும் ‘கபி குஷி கபி கம்’னு (2001) பாய்வாங்க. அதனாலயே அதை விட்டுட்டு ‘கபி ஹா(ங்) கபி நா’ (1994) வைக்கணும். ரெண்டுக்குத் தலையாட்டல், நாலுக்கு மறுப்பு. அவசரப்படறவங்களுக்கு நல்ல பொறி, நிதானமா பார்க்கிறவங்களுக்கு 20 விநாடி வேலை.

420-உம் அப்படித்தான். இந்தியத் தண்டனைச் சட்டம் போய், அதில் 420-ஆ இருந்த மோசடிப் பிரிவு இப்போ பாரதிய நியாய சம்ஹிதையில் 318 ஆயிட்டாலும் சினிமாவில் 420 சாகாது. நாலு, ரெண்டு, பூஜ்யம் காட்டினா மாமனார் ‘ஸ்ரீ 420’ (1955) என்பார். முதல் சொல்லுக்குப் புடவைத் தலைப்பை இழுத்து விட்டா ‘சாச்சி 420’ (1997). ‘அவ்வை சண்முகி’யோட இந்தி வடிவம்ங்கிறதால உங்க பக்கத்துக்கும் வாய்ப்பு உண்டு.

நொய்டா_மருமகள்:
ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ‘கா, கே, ஹை’யெல்லாம் சொல்லா எண்ணணுமா? ஹோலிக்கு அதிலேயே சண்டை. அப்புறம் என் அப்பா அம்மாவுக்கு இந்திச் சொல் சட்டுன்னு வாயில் வராது. மச்சினருங்க முந்திக்கறாங்க.

சீட்டுக்குலுக்கி:
எண்ணணும். போஸ்டரில் இடைவெளி விட்டு எழுதியிருக்கிற ஒவ்வொண்ணும் ஒரு சொல். ‘முகல்-ஏ-ஆஸம்’ மூணு. ‘கோல்மால்’ ஒண்ணா ரெண்டான்னு வாக்குவாதம் வர்ற தலைப்புகளை எழுதவே வேண்டாம். ‘கதர்: ஏக் பிரேம் கதா’ மாதிரி துணைத்தலைப்பு இருந்தா முதல் பாதி மட்டும் செல்லும்னு முன்னாடியே சொல்லிடுங்க. ‘பூல் புலையா’, ‘ஸ்த்ரீ’ மாதிரி அடுத்தடுத்த பாகம் வந்த படங்களுக்கு முதல் பாகம் மட்டும்.

சீட்டின் மூலையிலேயே சொல் எண்ணிக்கையை எழுதிடுங்க. தலைப்பை நாகரியிலும் தமிழிலும் எழுதுங்க, கீழே வருஷம். ‘டான்’, ‘தேவ்தாஸ்’, ‘அக்னிபத்’ எல்லாம் ஒண்ணுக்கு மேல வந்திருக்கு, எந்த வருஷத்துப் படமானாலும் பதில் சரிதான்.

சின்னச் சொல்லுக்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் ஒட்டக் கொண்டு வரணும். அணி ‘கா, கி, கே, ஸே, மே, பே’ன்னு வரிசையா ஒப்பிக்கும், சரியானது வந்ததும் கட்டைவிரல். காதைப் பிடிச்சா ஒலி ஒத்த சொல். முன்கையில் விரல் வெச்சா அசை எண்ணிக்கை. இந்த மூணையும் ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. பெரும்பாலும் சிக்கல் வர்றது படத்தில் இல்லை, ஒருத்தர் காதைப் பிடிக்கிறதை இன்னொருத்தர் கம்மல்னு நினைக்கிறதில்தான்.

மாட்டுங்கா_மணி:
அப்பா அம்மா விஷயத்துக்கு: ஒலி ஒத்த சொல் எந்த மொழியிலும் இருக்கலாம்னு விதி வைங்க. ‘தாரே ஜமீன் பர்’ (2007) வந்தா காதைப் பிடிச்சு மீன் நீந்திக் காட்டினா ‘ஜமீன்’ வந்துடும். லக்னோப் பக்கம் மச்லி, மச்லின்னு சுத்திக்கிட்டிருப்பாங்க. அர்த்தத்தைத் தமிழில் சொன்னாலும் நடிக்கிறவர் தலையாட்டலாம், ஆனா முழுத் தலைப்பு இந்தியில் வந்தாத்தான் மதிப்பெண்.

அணியை ‘பெண் வீடு, மாப்பிள்ளை வீடு’ன்னு பிரிக்கவே பிரிக்காதீங்க. 10-க்கு 6 கணக்கும் சரியா வராது. ஒரு அணிக்கு லக்னோ அஞ்சு, திருச்சி மூணு.

ரெட்ரோராணி:
எதிரணி படம் சொல்ற வழக்கத்தையும் நிறுத்துங்க. காலேஜுக்கு அது சரி. குடும்பத்தில் யாராவது ஒருத்தர் ‘ஆல்பர்ட் பிண்டோ கோ குஸ்ஸா க்யூ(ன்) ஆத்தா ஹை’ (1980) எடுத்து விடுவார். ஏழு சொல். அதில் நடிக்கத் தோதானது கோபம் ஒண்ணுதான்.

சீட்டுக்குலுக்கி:
இங்க நான் மாறுபடறேன். ஏழு சொல் படம் ஒண்ணு இருக்கட்டும், கடைசிச் சீட்டா, ரெண்டு அணியும் சேர்ந்து கண்டுபிடிக்க. ஏழு விரல் காட்டின உடனே சினிமாப் பைத்தியம் ஒருத்தர் கண்டிப்பா சொல்லிடுவார், அதுவும் ஒரு வேடிக்கைதான். மத்தபடி சீட்டு முறை சரி.

குட்டிஸ்_கேப்டன்:
8 முதல் 12 வயசுக்கு யாரும் சொல்லலையே. ‘பஜ்ரங்கி பாய்ஜான்’ (2015): கன்னத்தை உப்பி, தோளில் கதாயுதம். ‘தங்கல்’ (2016): தொடை தட்டல். ‘பாக் மில்கா பாக்’ (2013): ஒண்ணும் மூணும் ஒண்ணுன்னு காட்டிட்டு நின்ன இடத்திலேயே ஓட்டம். ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ (2013). ‘3 இடியட்ஸ்’ (2009). இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள. ‘ஜப் வீ மெட்’ வேண்டாம், ‘ஜப்’பை (‘எப்போது’ங்கிற சொல்) யாராலும் நடிக்க முடியாது.

குழந்தைகள் சீட்டைத் தனிக் கிண்ணத்தில் வைங்க. மூணு கிண்ணம்: 1980-க்கு முன், 1980 முதல் 2005, அதுக்குப் பின். எந்தக் கிண்ணம்னு நடிக்கிறவர்தான் தேர்ந்தெடுக்கணும், கண்டுபிடிக்கிற அணி இல்லை. எந்தக் கிண்ணம்னு அணிக்குத் தெரியறதே பாதிக் குறிப்பு.

நொய்டா_மருமகள்:
நடுக் கிண்ணத்துக்கு நான் போட்டது: சத்தே பே சத்தா, ஏக் தூஜே கே லியே, சத்மா, தேஸாப், கபி ஹா(ங்) கபி நா, சாச்சி 420, லகான், தில் தோ பாகல் ஹை. சரியா இருக்கா?

ரெட்ரோராணி:
‘சத்மா’வை (1983) எடுத்துடுங்க. ‘மூன்றாம் பிறை’ன்னு உங்க பக்கம் தெரிஞ்சாலும், அதிர்ச்சின்னு நடிச்சா ‘டர்’, ‘பூத்’னு போவாங்க. கடைசிக் காட்சி ரயில்வே ஸ்டேஷனை நடிச்சாத்தான் உண்டு, அது தலைப்பை நடிக்கிறது ஆகாது. ‘ஏக் தூஜே கே லியே’ (1981) கமல், பாலசந்தர்ங்கிறதால இருக்கட்டும். ‘தேஸாப்’ (1988) திராவகம். பாட்டிலிலிருந்து ஊத்தி கை சுடற மாதிரி காட்டினா டீ, சாய்னு நிப்பாங்க, வேண்டாம். ‘லகான்’ (2001) வரிங்கிறதை விட்டுட்டு எல்லாரும் மட்டை பிடிப்பாங்க, அதுவே போதும். ‘தில்’னு வர்ற தலைப்பு ஒண்ணுக்கு மேல போடாதீங்க.

குட்டிஸ்_கேப்டன்:
நடிக்கிற இடம் ஆறடிக்கு ஆறடி இருக்கணும். அங்க அகல் விளக்கும் ரங்கோலியும் கண்டிப்பா கூடாது. துப்பட்டா, புடவைத் தலைப்பு எல்லாம் வீசி நடிப்பாங்க. வெளியே வெடிச்சத்தம் அதிகமானா பதில் காதில் விழாது, அதனால அணியிலிருந்து ஒருத்தர் நடிக்கிறவரின் முன்னாடி நேரா உட்காரட்டும். நேரத்துக்கு போன் ஸ்டாப்வாட்ச். ஒரு நிமிஷத்துக்குள்ள வந்தா 2 புள்ளி, அதுக்கு மேல 1. சீட்டை ஒரே ஒரு தடவை மாத்திக்கலாம், மாத்தறதுக்கு 15 விநாடிதான்.