விதிகளைப் பிழை பார்த்துத் தர ஆள் தேவை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 5ஆம் பதிப்போடு சேர்த்து ஆட ஒரு துணைத்தொகுப்பு எழுதி வருகிறேன், புது மந்திரங்கள், அரக்கர்கள், மாயக் கவசங்கள் எல்லாம் உண்டு. எழுத்துப்பிழையோடு, விதிகள் குழப்பமில்லாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

உதாரணமாக, நிழல்கட்டு மந்திரம் "அடுத்த டர்ன் முடியும் வரை" நீடிக்கும் என்று இருக்கிறது. யாருடைய டர்ன், அதாவது யார் ஆடும் முறை? மந்திரம் போட்டவருடையதா, மாட்டிக்கொண்டவருடையதா? ஆட்டத்தின் நடுவில் இதற்கே சண்டை வந்துவிடும். அப்புறம் ஒரு கவசம் டேமேஜில் (அடிபட்டால் வரும் சேதத்தில்) 4 குறைக்கும், அணிந்தவருக்கு ரெசிஸ்டன்ஸும் (சேதத்தைப் பாதியாக்கும் தன்மை) உண்டு. 21 டேமேஜ் வந்தால், முதலில் கழித்துப் பாதியாக்கினால் 8, பாதியாக்கிவிட்டுக் கழித்தால் 6. மூல விதிப்படி கழிப்பதுதான் முதலில், பாதியில் பின்னம் வந்தால் அதை விட்டுவிட வேண்டும், ஆனால் புதிதாக ஆடுபவருக்கு இது கவசத்தின் விளக்கத்திலேயே தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், திரும்ப எழுதினால் இடம்தான் வீணா?

டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டராக) ஆட்டம் நடத்தியவர்கள் கிடைத்தால் ரொம்ப நல்லது. ஆடியே பார்க்காதவர்களும் வாருங்கள், புரியாத இடத்தை அவர்கள்தான் சட்டென்று பிடிப்பார்கள். விருப்பமிருந்தால் சொல்லுங்கள், கோப்பை அனுப்புகிறேன், உதவியவர்கள் பெயர் நன்றிப் பக்கத்தில் கட்டாயம் வரும்.